முப்பத்தொரு நிமிடம்

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பேர் இருந்தது. ஓட்டுநர்கள் ஓய்வறையில் அந்தப் பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘துறுதுறு’தான். சரக்கு ரயில் ஓட்டுநர், நாற்பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு, சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மேலெல்லாம் எறும்பு ஊர்கிற ஆள். முடி வெட்டிக்கொள்ளும்போது பாதியில் எழுந்து, கழுத்தில் துண்டோடு தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குப் பிறகு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் மீதிப் படம். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவி, “தட்டோட கொஞ்சம் உக்காருங்க, தட்டாவது நிம்மதியா இருக்கட்டும்” என்பாள்.

ஓடுகிற வேலை என்று நம்பித்தான் ரயிலில் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கூட்ஸ் ஓட்டுநரின் வேலையில் பாதி நிற்பது.

ஐம்பத்தெட்டு வேகன் சுண்ணாம்புக் கல்லை இழுத்துக்கொண்டு காலை ஆறு இருபதுக்கு யார்டை விட்டுக் கிளம்புவார். ஏழு ஐந்துக்கு ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அங்கே அவரை மெயின் லைனிலிருந்து விலக்கி லூப்பில் போடுவார்கள். லூப் என்பது ஓரமாக ஒதுங்கி நிற்கப் போட்டிருக்கும் பக்கப் பாதை. இந்தத் திசைக்கு இருப்பது ஒரே பாதை. எக்ஸ்பிரஸும் அதில்தான், பாசஞ்சரும் அதில்தான், கூட்ஸும் அதில்தான். விரைவாகப் போகிறவனுக்கு மெதுவாகப் போகிறவன் வழிவிட வேண்டும். ஏழேகாலுக்கு ஓர் எக்ஸ்பிரஸ் தடதடவென்று தாண்டிப் போகும். ஏழரைக்கு இன்னொன்று. எட்டு ஒன்றுக்கு, எட்டு இருபதுக்கு, எட்டு நாற்பதுக்கு என்று மேலும் மூன்று. எட்டு ஐம்பதுக்குத்தான் துறுதுறுவுக்குப் பச்சை விழும். நாள் தவறாமல் ஒன்றே முக்கால் மணி நேரம்.

எஞ்சினை விட்டு அகலக்கூடாது என்பது விதி. அதனால் எஞ்சினின் நீளத்துக்குள்ளேயே நடப்பார். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். கண்ணாடி துடைப்பார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார். இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்ப்பார். அவர் நடந்து நடந்து அந்த இடத்தில் மட்டும் ஜல்லி தடம் பதிந்து கிடந்தது. கூட இருக்கும் உதவி ஓட்டுநர் கனத்த மனிதர், கோபமே வராது. “அண்ணே, நீங்க நடக்கற நடைக்கு நடந்தே போயிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்” என்பார்.

நிற்பதோடு போனால் பரவாயில்லை. சின்ன ஸ்டேஷனுக்கு அப்பால் பதினான்கு கிலோமீட்டரில் ஒரு ஜங்ஷன் வரும். அங்கே அவருடைய வண்டி மெயின் லைனை விட்டு விலகி, சிமெண்ட் ஆலைக்குப் போகும் தனிப்பாதையில் திரும்பிவிடும். பிறகு எந்த எக்ஸ்பிரஸுக்கும் வழிவிட வேண்டாம். ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதித்துப் போய்ச் சேரும்போது, எதிர்த் திசையிலிருந்து வரும் கரி வண்டி ஆலையில் முந்திக்கொண்டிருக்கும். அது இறக்கி முடிக்கிறவரை வாசலில் நிற்க வேண்டும். காலி வேகன்களோடு திரும்புவதற்குள் பணி நேர வரம்பு தாண்டிவிடும். நடுவழியில் வேறு ஓட்டுநர் ஏறிக்கொள்ள, இவர்கள் வேனில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆறு மணி ஆகும்.

இரண்டரை மணிக்கு வருவார் என்று மனைவி வருடக்கணக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். ஒருநாள் அவர் வந்தபோது ஒரே ஒரு தட்டுதான் மூடி வைத்திருந்தது.

“நீ?” என்றார்.

“நான் ஒரு மணிக்கே சாப்பிட்டுட்டேன். இனிமே அப்படித்தான். உங்களுக்காகக் காத்துக் காத்து வயித்துல புண்ணு வந்ததுதான் மிச்சம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அவள் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. துணியில் சுண்ணக்கோடு போட்டபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைச் சுருக்கென்று தைத்தது. அன்று தட்டோடு நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் லூப்பில் நிற்கும்போது முதல்முறையாக ஒன்றைக் கவனித்தார். ஏழரை எக்ஸ்பிரஸ் போன பிறகு எட்டு ஒன்று வரை பாதை வெறிச்சோடிக் கிடந்தது. முப்பத்தொரு நிமிடம். ஒரு வண்டியும் இல்லை. தண்டவாளத்தில் ஒரு காக்கை சாவகாசமாக நடந்து போனது.

“அந்தக் காக்காவுக்கு விட்டிருக்கற வழிய எனக்கு விடக்கூடாதா?” என்றார்.

“ஜங்ஷன் போய் வால் வரைக்கும் திரும்பி முடியறதுக்குள்ள அடுத்த எக்ஸ்பிரஸ் முதுகுல வந்து நிக்கும்ணே. கணக்குப் போடாமயா நிறுத்தியிருப்பாங்க?” என்றார் உதவி ஓட்டுநர்.

துறுதுறு அன்றே கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கத் தொடங்கினார். லூப்பில் வண்டி அசைந்த நொடியிலிருந்து, கடைசி வேகனில் இருக்கும் கார்டு ‘வால் தாண்டியாச்சு’ என்று வாக்கிடாக்கியில் சொல்லும் நொடி வரை. இருபத்தெட்டு நிமிடம். மறுநாளும் இருபத்தெட்டு. அதற்கடுத்த நாள் இருபத்தேழே முக்கால். மழை பெய்த ஒரு நாள் சக்கரம் வழுக்கி முப்பத்தொன்றரை. நாற்பது நாள் குறித்தபின் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு எல்லாம் அடங்கிவிட்டது. அவர் மட்டும் அடங்கவில்லை. நூற்றுப் பதினெட்டு நாள் ஆனதும், ஓய்வு நாளொன்றில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நேரே கால அட்டவணை அலுவலகத்துக்கே போய்விட்டார்.

மூன்றாவது மாடி. நீள மேஜை. அதன்மேல் ஒன்றரை முழ நீளத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள். தாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் சாய்ந்த கோடுகள், கலைந்து கிடக்கும் ஈர்க்குச்சிகள் மாதிரி. அதன்மேல் குனிந்திருந்த அம்மாவுக்கு இவர் வயதுதான் இருக்கும். காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில், மேஜையில் ஆறிப்போன டீ. அந்தப் பாதையில் ஓடும் எல்லா வண்டிக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை.

“உக்காருங்க டிரைவர் சார்.”

“நின்னுக்கறேன் மேடம்.”

“உங்க வண்டி எது?”

சொன்னார். பென்சில் முனை தாளில் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது.

“படுக்கைவசத்துல மணி. மேலேர்ந்து கீழ ஸ்டேஷன். செங்குத்தா விழுதே, அதெல்லாம் எக்ஸ்பிரஸ். சாஞ்சு வர்றது கூட்ஸ். இதோ யார்டுலேர்ந்து சாஞ்சு வர்றீங்க. இங்க லூப்.”

அங்கிருந்து கோடு சாயவில்லை. தரையில் விழுந்தவன் போல நீட்டிப் படுத்துக் கிடந்தது. ஒன்றரை அங்குலம் இருக்கும். ஐந்து எக்ஸ்பிரஸ் கோடுகள் அதை மிதித்துக்கொண்டு போயின.

துறுதுறு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் அந்த லூப்பில் நின்றிருக்கிறார். கால் கடுத்தது, கண் எரிந்தது, வாய்விட்டுத் திட்டியது எல்லாம் இந்த ஒன்றரை அங்குலந்தானா?  நேரம் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“முப்பத்தொரு நிமிஷ இடைவெளி இருக்கு மேடம். எனக்கு இருபத்தெட்டு போதும்.”

“எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க. என் வண்டி, என் வண்டி, என் வண்டி.” அவர் நிமிரவில்லை. “உங்க வண்டிக்கு முப்பத்தி நாலு. ஓட்ட நேர டேபிள்ல இருக்கு.”

“அந்த டேபிள் எப்பப் போட்டது?”

பென்சில் நின்றது.

“நாங்க ஒத்த எஞ்சின் வெச்சு இழுத்த காலத்துல போட்டிருப்பீங்க. இப்ப ரெட்டை எஞ்சின். மூணு வருஷமாச்சு.”

அந்த அம்மா எழுந்து அலமாரியில் ஒரு கட்டைப் புரட்டினார். புரட்டியதைத் திரும்பவும் புரட்டினார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் இறங்கியிருந்தது. “கம்ப்யூட்டர்தான் இப்பக் கோடு போடுது. ஆனா நான் குடுக்கற நம்பரத்தான அது நம்பும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நோட்டைப் பிரித்தார். மூன்று பக்கம் பார்த்தார்.

“எடை எங்க?”

“எடையா?”

“ஐம்பத்தெட்டு வேகன்தான். ஆனா எல்லா நாளும் ஒரே பாரமா? ஈரக் கல்லுன்னா கனக்கும். எத்தன டன் இழுத்தீங்கன்னு இல்லாம இந்த இருபத்தெட்ட வெச்சு நான் என்ன பண்றது? பின்னாடி வர்ற எக்ஸ்பிரஸ்ல எத்தன பேர் இருப்பாங்க தெரியுமா? நீங்க ஏத்தத்துல ஒரு நாள் திணறினா அவ்வளவு பேரும் நடுக்காட்டுல நிப்பாங்க. அதுக்குப் பின்னாடி இருக்கறது நிக்கும். சாயங்காலம் வரைக்கும் சங்கிலி மாதிரி இழுத்துக்கிட்டே போகும்.”

துறுதுறுவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து நின்றது. ஆனால் அந்தம்மா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மேலும் இரண்டு மாதம், எடை எவ்வளவு, ஈரமா வெயிலா, காற்று எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் எழுதினார். உதவி ஓட்டுநரே சலித்துப்போய், “நான் தும்மினத எழுதிட்டீங்களாண்ணே?” என்று கேட்டார்.

இரண்டாம் முறை போனபோது அந்தம்மா நோட்டை மூன்று நாள் வைத்துக்கொண்டார். நான்காம் நாள் காலை ஐந்தரைக்கு மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கொண்டு யார்டில் வந்து நின்றார். கையில் ஸ்டாப்வாட்ச். அன்றைக்கென்று பார்த்து மழை.

“வேற நாள் வாங்க மேடம், வெயில் நாளா பாத்து” என்றார் துறுதுறு.

“வெயில் நாள்ல பாக்கறதுக்கு நான் எதுக்கு?” என்று அந்தம்மா எஞ்சினில் ஏறிக்கொண்டார்.

லூப்பில் ஒன்றே முக்கால் மணி நேரம் மூவரும் காத்திருந்தார்கள். முக்கால் மணி ஆனதும் அந்தம்மாவும் எழுந்து நடக்கத் தொடங்கினார். குறுகிய இடத்தில் இருவரும் எதிரெதிரே வந்து, வழிவிட்டு, மறுபடி எதிரே வந்தார்கள். “தாள்ல போடறப்ப இவ்வளவு நீளமா தெரியல” என்றார் ஒரு கட்டத்தில். பச்சை விழுந்தது. துறுதுறு சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணலைத் தூவித் தூவி, அவசரப்படாமல், தூங்கும் குழந்தையை எடுப்பதுபோல வண்டியை எடுத்தார். ஏற்றத்தில் இரண்டு முறை சக்கரம் கிறீச்சிட்டது. ‘வால் தாண்டியாச்சு’ என்று வந்தபோது ஸ்டாப்வாட்ச் முப்பத்தொரு நிமிடம் பத்து நொடி காட்டியது.

அந்தம்மா அதைக் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த அட்டவணை நாலு மாதம் கழித்து வந்தது. மழையிலேயே பத்து நொடிதான் கூடியது என்று அந்தம்மா கணக்கில் எடுத்திருந்தார். துறுதுறுவின் வண்டி லூப்பிலிருந்து கிளம்பும் நேரம்: ஏழு முப்பத்து மூன்று.

முதல் நாள் அவர் நினைத்தது போல இல்லை. ஏழரை எக்ஸ்பிரஸ் போய் மூன்றாம் நிமிடம் பச்சை விழுந்ததும் கைக்கடிகாரத்தை மூன்று முறை பார்த்துவிட்டார். இதுவரை எல்லா வண்டியும் போய்த் தொலைந்த பிறகு நிதானமாகப் போகிறவர். இப்போது முதுகுக்குப் பின்னால் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் அவருடைய வேகன்கள்தான் வளைந்து வளைந்து தெரிந்தன. ஆனாலும் கழுத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. ஏற்றம் வந்தது. இந்த இடத்தில் நின்றால்? உதவி ஓட்டுநர்கூட அன்று பேப்பரைப் பிரிக்கவில்லை. இருபத்தெட்டாம் நிமிடம் கார்டின் குரல் வந்தது. துறுதுறு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “நிக்கறதே தேவலாம் போல இருக்கேப்பா” என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

ஆலையில் முதல் வண்டி அவருடையது. இரண்டு மணி இருபதுக்கு வீட்டு வாசலில் நின்றார். மனைவி கதவைத் திறந்து, “என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?” என்று பதறினாள்.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் வாரம் அவர் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். மூன்றாம் வாரம் அவற்றைத் தடிமன்வாரியாக மாற்றி அடுக்கினார். அளவெடுக்க வந்த பெண்களிடம், “வியாழக்கிழமை மூணு மணின்னா மூணு மணிக்கு வரணும்” என்று கண்டித்தார். மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். “எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. பக்கத்துல எங்கயாவது லூப் இருந்தா ஒரு மணி நேரம் போய் நின்னுட்டு வாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை வந்தாள். ஜங்ஷனிலிருந்து பிரியும் கிளைப்பாதையில் ஏழாவது ஸ்டேஷன் அவள் ஊர். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலை லோக்கலில் வந்து எட்டேகாலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மாமாவை வம்புக்கிழுப்பதற்கென்றே வருகிறவள், அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“இந்த மாசம் மூணு நாள் லேட்டு அக்கா. மூணாவது நாள் எழுதி வாங்கிட்டாங்க.”

“சீக்கிரம் கிளம்பறதுக்கென்ன?”

“நான் கிளம்பி என்ன பண்றது? வண்டி கிளம்பணுமே. ஏழு அம்பத்தி நாலுக்கு ஜங்ஷன் வந்துரும். இப்ப வாசல்ல, சிக்னல்கிட்ட நிறுத்திடறாங்க. ஒன்பது நிமிஷம். தினம் ஒன்பது நிமிஷம்! பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியுது, இறங்க முடியல. நேத்து ஒரு அம்மா பொறுக்க முடியாம ஜல்லியில குதிச்சு முட்டியப் பேத்துக்கிட்டாங்க. எல்லாம் எதுக்குத் தெரியுமா? ஒரு கூட்ஸ் வண்டி. ஆடி அசைஞ்சு, கர்ப்பிணி மாதிரி, குறுக்கால திரும்பிப் போயிட்டு இருக்கு. அதோட வால் போற வரைக்கும் நாங்க ஆன்னு பாத்துக்கிட்டு இருக்கணும். அத ஓட்டறவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

தட்டோடு சமையலறைப் பக்கம் நடந்துகொண்டிருந்த துறுதுறு நின்றுவிட்டார். வாயில் இருந்ததை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றாள்.

“நான்தாம்மா அது” என்றார்.

“எது?”

“அந்தக் கூட்ஸு.”

கொழுந்தியாள் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. லூப், காக்கை, நோட்டு, ஸ்டாப்வாட்ச் எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“அப்ப நீங்க கேட்டு வாங்கினதா மாமா இது?”

“லோக்கல நிறுத்தச் சொல்லி நான் கேக்கலம்மா.”

“உங்களுக்கு வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிடணும். அதுக்கு நானூறு பேர் வாசல்ல நிக்கணும். அப்படித்தானே?”

“ஏய்” என்றாள் அக்கா.

“விடு அக்கா.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். போட்டு வைத்த டீ அப்படியே இருந்தது. படியிறங்கும் சத்தம் தேயும்வரை துறுதுறு தட்டோடு அதே இடத்தில் நின்றார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜங்ஷனில் திரும்பும்போது இத்தனை நாளும் முன்னால் மட்டுமே பார்த்தவர், இப்போது இடப்பக்கம் பார்த்தார். சிக்னலுக்குக் கீழே லோக்கல் நின்றிருந்தது. கதவுக்குக் கதவு தலைகள். எல்லாத் தலையும் அவரையே பார்த்தன. அந்தத் திருப்பத்தில் அவருக்கு அனுமதித்திருந்த வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். அதற்குமேல் ஒரு புள்ளி கூட்ட முடியாது. வேகன் வேகனாக, ஐம்பத்தெட்டு வேகனும் அவர்கள் கண்ணெதிரே ஊர்ந்து முடிய வேண்டும். கொழுந்தியாள் எந்தக் கதவில் நிற்கிறாளோ என்று தேடினார். தென்படவில்லை.

ஓய்வு நாள் வந்ததும் மூன்றாவது மாடிக்கு ஓடினார்.

“லோக்கல் ஒன்பது நிமிஷம் நிக்குது மேடம்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நான்தானே போட்டேன்.” அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். “எங்கயும் நிமிஷம் புதுசா முளைக்காது டிரைவர் சார். ஒருத்தர்கிட்டேர்ந்து எடுத்துத்தான் இன்னொருத்தருக்குக் குடுக்கறேன். உங்க வண்டி சீக்கிரம் போனா ஆலையில முட்டிக்கறது இல்ல, ஆள் மாத்தறது இல்ல, சாயங்காலப் பாதையில அடைப்பு இல்ல. அதுக்கு லோக்கல் ஒன்பது நிமிஷம். பெரியவங்க எல்லாம் பாத்துட்டு நல்ல பேரம்னாங்க. எனக்கு அன்னிக்கே மனசு ஒப்பல. ஆனா ஒன்பது நிமிஷத்துக்காகக் கத்தறதுக்கு அந்த லோக்கலுக்கு ஒரு ஆள் இல்ல. உங்க வண்டிக்கு நீங்க இருந்தீங்க.”

துறுதுறு மேஜையைச் சுற்றி நடந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பினார். அந்தம்மா தடுக்கவில்லை.

“லோக்கல முன்னாடி உள்ள விட முடியாதா?”

“கிளைப்பாதை ஒத்தைப் பாதை. நடுவுல எதிர் வண்டிக்கு ஒதுங்கணும். மிஞ்சி மிஞ்சிப் போனா மூணு நிமிஷம் முன்னாடி கிளப்பலாம். அது பத்தாது.”

“நான் மூணு நிமிஷம் பின்னாடி கிளம்பினா?”

அந்தம்மா தாளைப் பார்த்தார். நகத்தால் இரண்டு கோடுகளை அளந்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். 

“லோக்கல் முழுசா உள்ள போயிரும்,” என்றார் கடைசியில். “ஆனா எக்ஸ்பிரஸ் முதுகுல முட்டாம இருக்க எட்டு நாலுக்குள்ள உங்க வால் தாண்டியாகணும். ஏழு முப்பத்தாறுக்குக் கிளம்பினா உங்களுக்கு முப்பத்தொன்னு இல்ல. இருபத்தெட்டுதான். கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கும். மழைன்னாலோ ஈரக் கல்லுன்னாலோ கண்ட்ரோல் ரூம்ல விட மாட்டாங்க. லூப்லயே எட்டு அம்பது வரைக்கும் நிறுத்திடுவாங்க. நல்லா யோசிங்க. எழுதிட்டா அப்புறம் வந்து எங்கிட்டச் சண்ட போடக்கூடாது.”

யோசிக்கச் சொன்னதும் அவர் வெளியே போனார். மூன்று மாடியும் இறங்கினார். வாசலில் நின்று சாலையில் போகும் பஸ்களைப் பார்த்தார். லூப்பின் ஒன்றே முக்கால் மணி நேரம் முழங்காலில் வலித்தது. சிக்னலடியில் நின்ற தலைகள் கண்ணுக்குள் நின்றன. நான்கு பஸ் போனபின் மூன்று மாடியும் ஏறினார்.

“நிக்கறேன் மேடம். மழை நாள்ல நிக்கறேன். எழுதுங்க.”

அந்த ஏற்பாடு திருத்த அறிக்கையாக வந்தது. அச்சடித்த அட்டவணையில்கூட ஏறவில்லை. லோக்கல் மூன்று நிமிடம் முன்னால் கிளம்பியது. கிளையில் இருக்கிறவர்கள் எல்லாரும் மூன்று நிமிடம் முன்னதாக எழுந்து திட்டிக்கொண்டே வந்தார்கள். துறுதுறுவுக்கு ஒவ்வொரு நாளும் பரீட்சை. காலையில் எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பார். யார்டில் கல்லைத் தொட்டுப் பார்ப்பார், ஈரமாக இருந்தால் பெருமூச்சு விடுவார். முதல் ஆறு மாதத்தில் நாற்பத்தொரு நாள் லூப்பில் பழையபடி நின்றார். அந்த நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு வேனில் வந்து இறங்குவார். மற்ற நாட்களில் இருபத்தெட்டு நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். ஒரே ஒரு தடவை ஏற்றத்தில் வண்டி திணறி, பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் நான்கு நிமிடம் நின்றது. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

கொழுந்தியாள் நான்கு ஞாயிறு வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, “மாமா, எனக்கு மூணு நிமிஷத் தூக்கம் பாக்கி. எப்பத் தருவீங்க?” என்றாள். “என்ன மூணு நிமிஷம்?” என்றார் அவர். “சும்மா நடிக்காதீங்க. அக்கா எல்லாம் சொல்லிட்டா” என்று உள்ளே போய்த் தானே டீ போட்டுக்கொண்டாள். முட்டி பெயர்ந்த அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்றும் சொன்னாள்.

ஒன்றரை வருடம் அப்படி ஓடிற்று. பிறகு ஒரு புது எக்ஸ்பிரஸ் விட்டார்கள். பெரிய ஊர்கள் இரண்டுக்கும் நடுவே, நிறையப் பேர் கேட்டுக் கேட்டு வாங்கிய வண்டி. அது ஏழு நாற்பத்தெட்டுக்கு அந்தச் சின்ன ஸ்டேஷனைத் தாண்டியது. முப்பத்தொரு நிமிடம் இரண்டாகப் பிளந்துபோயிற்று. பதினெட்டு நிமிடத்தில் ஐம்பத்தெட்டு வேகனை யாராலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அந்தம்மா ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார். “மூணு கூட்டத்துல சொல்லிப் பாத்தேன். முடியல. உங்ககிட்ட நானே சொல்லணும்னு தோணுச்சு.”

“எத்தன மணிக்கு விடுவீங்க?”

“எட்டு அம்பது.”

அவர் கத்தவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார். அன்று தெருக்கோடி வரை நாற்பது தடவை நடந்திருப்பார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒன்னு சொன்னா கேப்பீங்களா?” என்றாள், ஒரு சுற்றில் அவர் கிட்டே வந்தபோது. “நிக்க முடியாத மனுஷனுக்கு நிக்கற வேலை எதுக்கு? யார்டுல எஞ்சின் ஓட்ட ஆள் கேக்கறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

யார்டு எஞ்சின் என்றால் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை. இரண்டு கிலோமீட்டருக்குள் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மெயின் லைன் ஓட்டுநர்கள் அதைச் சீந்துவதில்லை. கண் மங்கியவர்களும் ஓய்வுபெறப் போகிறவர்களும் செய்கிற வேலை என்பார்கள். அவர் விண்ணப்பம் எழுதியதைக் கேள்விப்பட்டு ஓய்வறையே கைகொட்டிச் சிரித்தது. உதவி ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குத்தாண்ணே இனிமே பொழுது போகாது” என்றார்.

யார்டில் சேர்ந்த முதல் நாள், காலை ஆறிலிருந்து இரண்டு வரை எஞ்சின் ஒரு இடத்தில் முழுசாக ஏழு நிமிடம்கூட நிற்கவில்லை. நான்கு வேகனை இழு, இரண்டைக் கழற்று, பத்தைத் தள்ளு, திரும்பி வா. கொடியைக் கையில் வைத்துக்கொண்டு ஜல்லியில் ஓடி வந்த, தண்டவாளத்தில் வழி மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன், “சார், கொஞ்சம் மெதுவா. நானும் மனுஷன்தானே” என்று மூச்சிரைக்கக் கத்தினார்.

துறுதுறு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஏறிக்கப்பா,” என்றார். “அடுத்தது எட்டாவது லைன்.”